நடுப்பலகை

"தடால்!"

தெருவே ஒரு குலுங்கு குலுங்கியது. வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த சொர்ணாம்பாளின் கையிலிருந்து கோலப்பொடிக் கிண்ணம் நழுவி, பாதிக் கோலத்தின் மேலேயே கவிழ்ந்தது. எதிர்வீட்டுத் தொழுவத்தில் மாடு மிரண்டு கத்தியது. மேற்கே யார் வீட்டிலோ ஒரு குழந்தை விழித்துக்கொண்டு வீறிட்டது.

சத்தம் வந்த திசை, தெருக்கோடி முருகன் கோயில். நடை திறக்க இன்னும் நேரம் இருக்கிறதே, அங்கே யார்? சொர்ணாம்பாள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

சப்பரக் கொட்டகையின் கதவு விரியத் திறந்து கிடந்தது. முன்னால் அவள் தம்பி சிவசங்கரனின் டிராக்டர், டிரெய்லரோடு நின்றது. சிவசங்கரன் ஒற்றைக் காலைக் கையில் பிடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் இருபதடி நீளக் கோங்குப் பலகை ஒன்று புழுதிக்கு நடுவே கிடந்தது. அதன் மறுமுனையைப் பிடித்தபடி, தலையில் துண்டு, தார்ப்பாய்ச்சிய வேட்டி என்று நின்ற ஆளைப் பார்த்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் காந்திமதிநாதன்! தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தர். தெருவில் அவர் வேகமாக நடந்துகூட யாரும் பார்த்தது கிடையாது.

"என்னளா பாக்கே? அந்தத் தலைப்பைப் பிடி. ஒன் தம்பி கட்டைவிரலைப் பலகைக்கு முட்டுக் குடுத்துட்டான்" என்றார்.

"நான் எங்க குடுத்தேன்? அத்தான்தான் 'விடு'ன்னாவ. விட்டேன்."

"நான் 'விடாதே'ன்னேம்லே."

"பாதி வார்த்தையைக் காத்து கொண்டுட்டுப் போச்சு!"

வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து புருஷனிடம் ஒரு வார்த்தை பேசாதவள் சொர்ணாம்பாள். சோறும் ரசமும் வைப்பாள். தொட்டுக்கொள்ள ஒன்றும் வைக்கமாட்டாள். அப்படி இருந்தவளுக்கு இப்போது சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எதற்கும் நேரமில்லை. ஓடிப்போய்ப் பலகையைப் பிடித்தாள்.

இது மதுமதிக்கான பலகை. அவளுடைய ஒரே மகள்.

மதுமதிக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கால்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டிதான் அவளுக்குக் கால். அம்பாசமுத்திரத்தில் பி.எஸ்ஸி. படித்தபோது தொந்தரவில்லை. வகுப்பெல்லாம் தரையோடு தரை. கணக்கில் வாங்கிய மார்க்குக்கு, பேட்டை தாண்டிப் பொட்டலில் புதிதாக எழும்பியிருக்கிற யுனிவர்சிட்டியில் எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்தது. தெருவே வந்து கை கொடுத்தது. வெள்ளிக்கிழமை சேரப் போனால், கணிதத் துறைக்கு முன்னால் ஐந்து படிகள்.

ஐந்தே ஐந்து. காலுள்ளவன் எண்ணிக்கூடப் பார்க்கமாட்டான்.

துணைப் பதிவாளர் வேதநாயகம் கெட்ட மனிதர் இல்லை. வெயிலில் இறங்கி வந்து வண்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. போன வருசம் ஒரு பையனை நாலு பேரு நாற்காலியோட தூக்கி ஏத்துனாங்க. கை நழுவி, அவனுக்கு மண்டை ஒடைஞ்சு போச்சு. அவன் வீட்டு வாசல்ல போயி நின்னவன் நான். இனிமே இங்க யாரையும் யாரும் தூக்க விடமாட்டேன். வண்டி தானா ஏறணும், தானா வகுப்புக்குள்ள போகணும்."

"அப்ப ஒரு சரிவு கட்டிக் குடுங்களேன்" என்றாள் சொர்ணாம்பாள்.

"கட்டணும்னு எழுதிப் போட்டிருக்கேன். மேல சரின்னு சொல்லி, ஆளு வந்து கட்டி முடிக்க ஒரு வருசமாவது ஆகும். திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு நான் இடத்தை முடிச்சாகணும். அடுத்த பேரு காத்துக்கிட்டு இருக்கு. பாப்பா தபால் வழியில படிக்கட்டுமே? அதே பட்டம்தான்."

"பட்டம் வரும் சார்" என்றாள் மதுமதி. "கரும்பலகை தபால்ல வராதுல்லா?"

வேதநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

திரும்பி வருகையில் பஸ்ஸில் இன்னொரு கூத்து. கூரை மேல் கிடந்த மூன்று சக்கர வண்டிக்கு லக்கேஜ் கட்டணம் கேட்டார் கண்டக்டர். மாணவர் பாஸில் பிள்ளை போகலாம், வண்டி போகாது. போக ஒன்று, வர ஒன்று, தினமும். ஹாஸ்டலில் விடலாம் என்றால், காந்திமதிநாதனின் சம்பளத்தில் பாதியை அங்கே கொட்ட வேண்டும். மனிதர் வீடு வந்து சட்டையைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார்: "தபால்லயே படிக்கட்டும்."

அப்போதுதான் சொர்ணாம்பாளுக்கு மின்னல் அடித்த மாதிரி அது தோன்றியது. "சாமி எறங்குத பலகை இருக்குல்லா!"

பங்குனி உத்திரத்தன்று முருகன் சப்பரத்தில் வெளியே வருவார். மண்டபத்துப் படிகளில் பலகை சாத்தி, அதன் மேல் சப்பரத்தை உருட்டித் தெருவில் இறக்குவது இந்த ஊர் வழக்கம். பலகையைப் பார்த்துக்கொள்வது காந்திமதிநாதன் வீட்டுக் கட்டளை. சப்பரம், எதிர்வீட்டு வாழைக்காய்க் கமிஷன் கடை பூதலிங்கம் அண்ணாச்சி வீட்டுக் கட்டளை. இரண்டு பேரும் சின்ன வயதில் ஒரே ஓடத்தில் ஏறி ஆறு தாண்டினவர்கள். ஒரு திருவிழாவில் சப்பரம் சறுக்கி, சாமியின் குடை ஒடிந்து, அண்ணாச்சியின் காலும் நசுங்கியது. "பலகையில எண்ணெய்ப் பிசுக்கு. தேய்ச்சுக் கழுவலை" என்றார் அண்ணாச்சி. "சக்கரத்துக்கு நேரத்துக்கு முட்டுப் போடலை" என்றார் இவர். மூன்று பலகைகளில் நடுப்பலகையை, குற்றம் செய்த பலகை என்று அண்ணாச்சி தூக்கிக்கொண்டு போய் மாட்டுத் தொழுவத்தில் போட்டுவிட்டார். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிற அண்ணாச்சி நடந்து இறங்குகிற பலகை அது. சக்கரம் அதில் படாது. அதற்கப்புறம் இரண்டு பலகையிலேயே சாமி இறங்கிக்கொண்டிருந்தார். இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை.

"ஒனக்குப் புத்தி பெரண்டு போச்சா? சாமி எறங்குத பலகையில வண்டியை ஏத்தவா? எதிர்வீட்டுக்காரன் என்னைத் தெருவுல நிறுத்திக் கேப்பாம்லா?" என்று அன்றைக்கு வீடு இடியக் கத்தியவர் இதே காந்திமதிநாதன்தான். சொர்ணாம்பாளும் விடவில்லை. "சாமி கேக்கமாட்டாரு, எதிர்வீட்டுக்காரர்தான் கேப்பாருன்னா, நீங்க கும்பிடுதது யாரை?" என்று அவளும் தெரு கேட்கக் கத்தினாள். அதோடு பேச்சு நின்றது.

மூன்று ராத்திரி அந்த மனிதர் தூங்காமல் புரண்டது அவளுக்குத் தெரியும். ஆனால் இப்படிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவார் என்று நினைக்கவில்லை.

டிராக்டர் வீட்டு வாசலுக்கு வந்தது. மதுமதி குளித்து, தலை பின்னி, மடியில் பையோடு வண்டியில் தயாராக இருந்தாள். டிரெய்லரில் நீட்டிக்கொண்டிருந்த பலகைகளைப் பார்த்ததும் கைப்பிடியை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் தட்டினாள்.

"யப்பா! நீங்களா?"

"நான் இல்ல, ஒங்க மாமன். நான் சும்மா சாவி குடுத்தேன்" என்று காந்திமதிநாதன் தூணைப் பார்த்துச் சொன்னார்.

எதிர்வாசலில் பூதலிங்கம் அண்ணாச்சி நின்றார். கையில் விளக்குமாறு, வாசல் முழுக்க ஈரம். இரண்டு மூன்று நாளாகவே அண்ணாச்சிக்குத் தொழுவத்தைக் கழுவுவதுதான் வேலை. நிலைக்குப் பக்கத்தில் எதையோ சாத்தி, மேலே சாக்கைப் போட்டிருந்தார். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் டிரெய்லரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாட்டிடம் பேசினார்.

"ஏ லெச்சுமி, விடியுமுன்ன கோயில் பலகையைத் தூக்குதாங்களே. ரெண்டு போதுமாமா?"

காந்திமதிநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏலே சங்கரா, போதும்னு சொல்லு. எத்தனை திருவிழாவுக்குப் போதுமா இருக்கு, இன்னைக்கும் போதும். மாட்டுக்கு அந்தக் கவலை வேண்டாம்னு சொல்லு."

சிவசங்கரன் மாட்டைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான், டிராக்டரை முடுக்கினான்.

ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. மேற்கே மலை முழுக்க மேகம். சாரல் பொடிப்பொடியாக முகத்தில் விழுந்தது. ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது கீழே புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடியது. டிரெய்லரில் வண்டியைக் கயிற்றால் கட்டி, அதில் மதுமதி. ஒரு பலகையில் சொர்ணாம்பாள், ஒரு பலகையில் காந்திமதிநாதன். குழியில் டிராக்டர் இறங்கினால் இவர்கள் எம்பி விழுந்தார்கள்.

சொர்ணாம்பாள் தூக்குச்சட்டியைத் திறந்தாள். உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல். ஓடுகிற டிரெய்லரில் புருஷனுக்கு இலையில் வைத்து நீட்டினாள்.

"துவையல் எல்லாம் இருக்கே" என்றார் அவர்.

"இன்னைக்கு மட்டுந்தான். நாளைக்கு நடத்தையைப் பொறுத்து."

மதுமதி காற்றில் சத்தமாகச் சிரித்தாள். சுத்தமல்லி டீக்கடையில் நின்றிருந்த ஒருவர், "என்னவே, எங்கன திருவிழா?" என்று கத்தினார். "யுனிவர்சிட்டியில!" என்று மதுமதி திருப்பிக் கத்தினாள். "அங்கன எந்தச் சாமிவே இருக்கு?" என்றது டீக்கடை. டிராக்டர் அதற்குள் திரும்பிவிட்டது.

யுனிவர்சிட்டி வாசலில் இவர்களுக்காக ஒரு கூட்டமே நின்றது. மதார் முன்னால் நின்றான். மேலப்பாளையத்துப் பையன், கணிதத் துறைக்கே தேர்வானவன். வெள்ளிக்கிழமை இவர்களைப் பார்த்துவிட்டு, "ஏதாவது செய்யுங்கம்மா, நாங்க ஆளு சேத்து வைக்கோம்" என்று சொல்லியிருந்தான். சொன்னபடி சேர்த்திருந்தான்.

"பலகை கொண்டாந்துருக்காவலே! எல்லாரும் வாங்க!"

பிள்ளைகள் டிரெய்லரில் பாய்ந்தார்கள். பத்துப் பதினைந்து தோள்களில் பலகைகள் மிதந்து போயின. "சாமி பலகைலே, செருப்பைக் கழட்டுங்க" என்று சிவசங்கரன் சொல்ல, அத்தனை பேரும் செருப்பை உதறினார்கள். மதார் தன்னுடையதையும் உதறிவிட்டு, "எங்க தெருவுல பள்ளிவாசல் ஏணியைத் தூக்குனாலும் இப்படித்தான்" என்றான். கேன்டீன் நடத்துகிற மஹ்மூதா பீவி, தலையில் முக்காட்டைச் சரிசெய்தபடி, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள்.

படிகளின் மேல் விளிம்பில் பலகைகளின் தலையை ஏற்றினார்கள். கீழ்ப்பக்கம் நகராமல் காந்திமதிநாதன் கல் வைத்து அண்டை கொடுத்தார். வண்டியின் பின்சக்கரங்களுக்கு அளவு பார்த்து, பலகைகளைத் தள்ளிச் சரிசெய்தார். துண்டால் நெடுகத் துடைத்தார். அந்த வேலையில் அவர் கை என்னமாய் ஓடுகிறது என்று சொர்ணாம்பாள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வேதநாயகம் வராந்தாவில் வந்து நின்றார். கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதரை.

"ஏறு தாயி" என்றார் காந்திமதிநாதன்.

மதுமதி வண்டியைப் பலகைகளுக்கு நேராகக் கொண்டுவந்தாள். வண்டி முன்னால் உருண்டது. நின்றது.

முன்சக்கரம், இரண்டு பலகைக்கும் நடுவில் வெறும் படியில் போய் இடித்துக்கொண்டு நின்றது.

ஒரு நிமிஷம் யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. அப்புறம் மதார் தலையில் கை வைத்தான்.

"யல்லா! வண்டிக்கு மூணு சக்கரம்லா!"

சப்பரத்துக்கு நாலு சக்கரம். இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்துப் பழகிய கண், மகளின் வண்டியையும் சப்பரமாகவே பார்த்துவிட்டது. காந்திமதிநாதன் மட்டுமா? சொர்ணாம்பாளும் பார்க்கவில்லை. தம்பியும் பார்க்கவில்லை. அந்த வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிற மதுமதியும் பார்க்கவில்லை! கணக்கில் முதல் மார்க்!

"ரெண்டையும் ஒட்டிப் போடுவோம்" என்றான் சிவசங்கரன். போட்டார்கள். முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரங்கள் இரண்டும் பலகைக்கு வெளியே போய் அந்தரத்தில் நின்றன.

"பெஞ்சைக் கொண்டாங்கலே!" ஓடிப்போய் வகுப்பு பெஞ்சைக் கொண்டுவந்தார்கள். பாதிப் படிகூட எட்டவில்லை. மஹ்மூதா பீவி கேன்டீன் கதவைக் கழற்றித் தரட்டுமா என்று கேட்டாள். கதவு ஆறடி. பொட்டலில் சுற்றிலும் பார்த்தால் உடைமரமும் கள்ளியும்தான். ஒரு பலகைக்கு எங்கே போவது?

"நடுப்பலகை இருந்தா..." என்று ஆரம்பித்த சொர்ணாம்பாள் நிறுத்திக்கொண்டாள்.

நடுப்பலகை எங்கே கிடக்கிறது என்று ஊரிலிருந்து வந்த நாலு பேருக்கும் தெரியும். கடிகாரம் பத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

வேதநாயகம் படியில் இரண்டு படி இறங்கி வந்தார். "என்ன சார் இது?" என்றார், வருத்தமாகத்தான்.

மதுமதி தலையைக் குனிந்துகொண்டாள். வெள்ளிக்கிழமை கலங்காதவள், இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு சக்கரத்தையே பார்த்தாள்.

காந்திமதிநாதன் தலைத்துண்டை அவிழ்த்தார். உதறினார். திரும்பவும் இறுக்கிக் கட்டினார்.

"சார், எனக்குக் கொஞ்சம் நேரம் வேணும். பதினொண்ணுக்குள்ள வந்துருவேன்."

"எங்க போறீங்க?"

"ஊருக்கு. ஒருத்தர்ட்ட ஒரு சாமான் கேட்டு வாங்கணும்."

"அத்தான்!" என்றான் சிவசங்கரன். "அண்ணாச்சிட்டயா?"

"ஆமாலே. அவன்ட்டதான். கால்ல விழுன்னா விழுதேன். வண்டியை எடு."

சொர்ணாம்பாள் அவரையே பார்த்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து பார்த்த முகம்தான். ஆனால் இன்றைக்குப் புதிதாக இருந்தது.

"பத்துன்னு சொன்னா பத்துதானே சார்..." என்று வேதநாயகம் இழுத்தார். மதார் குறுக்கே வந்தான். "சார், உங்க கடியாரம் வேகமா ஓடுது சார். எங்க எல்லாருக்கும் ஒன்பதே முக்கால்தான். லே, ஒங்களுக்கு மணி என்னலே?"

"ஒன்பதே முக்கால்!" என்று கூட்டம் கத்தியது.

வேதநாயகம் சிரிப்பை மறைக்கத் திரும்பிக்கொண்டார். அந்த நேரத்தில்தான், ரோட்டுப் பக்கமிருந்து ஒரு ஹாரன் சத்தம். விட்டுவிட்டு இல்லை, ஒரே மூச்சாக. எல்லோரும் திரும்பினார்கள்.

பொட்டல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஒரு லாரி வந்தது. முழுக்க வாழைத்தார். தார்களுக்கு மேலே, வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு ஒரு பலகை. பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, காற்றில் வேட்டி படபடக்க, பூதலிங்கம் அண்ணாச்சி.

"எம்மா!" என்றாள் சொர்ணாம்பாள்.

லாரி நிற்கும் முன்னாலேயே அண்ணாச்சி கத்தினார், நேராகச் சொர்ணாம்பாளைப் பார்த்து. "ஏ சொர்ணம்! ஒன் வீட்டுக்காரன்ட்டச் சொல்லு! மூணு சக்கர வண்டிக்கு ரெண்டு பலகையைத் தூக்கிட்டு வந்த மூதி ஒலகத்துலயே இவன் ஒருத்தன்தான்னு சொல்லு!"

"அவுக இங்கனதான் நிக்காவ, அண்ணாச்சி. நீங்களே சொல்லுங்க!"

அண்ணாச்சி இறங்கினார். அந்த நசுங்கின காலைச் சற்று இழுத்து இழுத்து நடந்து வந்தார். காந்திமதிநாதனுக்கு எதிரே வந்து நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சண்டை வருமா?

"பிடிலே ஒரு முனையை" என்றார் அண்ணாச்சி.

காந்திமதிநாதன் பிடித்தார்.

நடுப்பலகை நடுவில் விழுந்தது. தண்ணீரில் ஊறி ஊறிக் கறுத்திருந்தாலும், தேய்த்துத் தேய்த்து நாரெல்லாம் தெரிகிற மாதிரி சுத்தமாக இருந்தது. ஓரத்தில் மஞ்சள் தடவிய சுவடு. சொர்ணாம்பாள் அதைப் பார்த்தாள். காலையில் சாக்குக்கு அடியில் சொட்டிய தண்ணீர் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அண்ணாச்சி குனிந்து மூன்று பலகைகளையும் தட்டிப் பார்த்தார். "அண்டைக்கல்லு எவம்லே வச்சது? சரியாத்தான் வச்சிருக்கான்" என்றார், காந்திமதிநாதனைப் பார்க்காமல். லாரியில் போட்டுக்கொண்டு வந்த முட்டுக்கட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போய் நின்றார்.

"ஏறு, பாப்பா. பைய ஏறு."

மதுமதி இரண்டு கைகளையும் துடைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தாள். சுற்றினாள். முன்சக்கரம் ஏறியது. பின்சக்கரங்கள் ஏறின. பலகை 'கிர்ர்' என்று முனகியது. ஒரு முழம். இரண்டு முழம். கழுத்து நரம்பு புடைத்தது. பாதியில் வண்டி நின்றது. நின்றது மட்டுமில்லை, லேசாகப் பின்னுக்கு நழுவியது.

காந்திமதிநாதனின் இரண்டு கைகளும் தானாக முன்னே பாய்ந்தன.

"தொடாதீங்கப்பா!"

கை அந்தரத்திலேயே நின்றது. தொட்டால் தூக்கின கணக்கு. வேதநாயகம் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொர்ணாம்பாள் சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டாள். மதுமதி பிரேக்கைப் பிடித்து ஒரு நிமிஷம் மூச்சு வாங்கினாள். காற்று ஓய்ந்தது மாதிரி இருந்தது. அவள் முன்னால் சாய்ந்தாள். முழு உடம்பையும் இரண்டு கைகளில் கொண்டுவந்து ஒரு சுற்று. இன்னொரு சுற்று. இன்னும் ஒன்று.

முன்சக்கரம் வராந்தாத் தரையைத் தொட்டது. பின்சக்கரங்கள் 'தடக்' என்று ஏறின.

அப்புறம் அங்கே எழுந்த சத்தத்தைச் சொல்லி முடியாது. மஹ்மூதா பீவி குலவையிட்டாள். செருப்பில்லாத கால்களெல்லாம் குதித்தன. மதுமதி வண்டியின் மணியை விடாமல் அடித்துக்கொண்டே வராந்தாவில் உருண்டு போய், கணித வகுப்பின் கதவைத் தாண்டி உள்ளே போனாள். உள்ளேயும் மணியை நிறுத்தவில்லை.

வேதநாயகம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "சரியா ஒன்பதே முக்கால்" என்றார். கூட்டம் மறுபடி கூச்சல் போட்டது.

"லக்கேஜ் ஒண்ணு இருக்கு சார்" என்று காந்திமதிநாதன் தயங்கினார். "பஸ்ஸுல தினமும்..."

"எதுக்கு?" என்றான் மதார். "வண்டி இங்கனயே கெடக்கட்டும். பஸ் நிக்குத எடத்துல டீக்கடைக்காரர்ட்டச் சொல்லி, சாயங்காலம் பூட்டிருவோம். காலையில ஊர்ல டிராக்டர்ல கொண்டாந்து பஸ் ஏத்தி விட்டா, மதுமதி பாஸ்ல இங்க வந்து எறங்க வேண்டியது, வண்டியில ஏற வேண்டியது. பாடம் மட்டும் எங்களுக்குச் சொல்லித் தரணும். அதுக்கு லக்கேஜ் கெடையாது."

அதற்குள் மஹ்மூதா பீவி ஒரு கைவண்டியில் நாலு குடங்களை ஏற்றி, பலகை மேல் தள்ளிக்கொண்டே ஏறிவிட்டாள். "இத்தனை நாளும் இடுப்பு ஒடிஞ்சு போச்சே, எனக்கும் ஆச்சு!" காலில் கட்டுப்போட்ட ஒரு பையன் கட்டைக் கம்பை ஊன்றிக்கொண்டு அவள் பின்னாலேயே ஏறினான். வேதநாயகம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பலகையை எப்ப எடுத்துட்டுப் போவீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பங்குனி உத்திரத்துக்கு ஒரு நாளைக்கு மட்டும் வேணும் சார்."

"அன்னைக்கு நான் லீவு விட்டுருதேன்."

லாரியிலிருந்து அண்ணாச்சி தாரை அறுத்து இறக்கச் சொன்னார். பிள்ளைகள் பழுத்த சீப்பாகப் பார்த்துப் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். சாரல் வலுத்தது. அண்ணாச்சியும் காந்திமதிநாதனும் லாரி ஓரத்தில் ஒதுங்கி நின்றார்கள். ஆளுக்கு ஒரு பழம் கையில். உரிக்கவில்லை. சொர்ணாம்பாள் லாரியில் கிடந்த வாழையிலையை எடுக்கிற சாக்கில் பக்கத்திலேயே நின்றாள்.

"காலையில வாசல்லதானவே நின்னீரு" என்றார் காந்திமதிநாதன், பழத்தைப் பார்த்தபடி. "மாட்டுட்டச் சொன்னதை என்ட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமையே ஒம் பொண்டாட்டி போட்ட சத்தத்துல எனக்கு வெவரம் தெரியும்லே. நீ வந்து கதவைத் தட்டுவே, தட்டுவேன்னு அன்னைக்கே கழுவ ஆரம்பிச்ச பலகையை, இன்னைக்கு விடியுத வரைக்கும் கழுவிக்கிட்டேதாம்லே இருந்தேன்."